குங்கிலியம் பூசிய டீசல் டேங்க்

மந்தைவெளியிலும் மயிலாப்பூர்ப் பக்கத்துத் தெருக்களிலும் எழுபதுகளில் வாசலில் மீன் வாங்கியவர்களுக்கு இப்போது என் வயதோ அதற்கு மேலோ இருக்கும். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, எழுத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து இதைப் படிப்பீர்கள். ஒன்று நினைவிருக்கிறதா? கூடைக்காரி குரல் கொடுத்து நீங்கள் வெளியே வந்தால், முதலில் மீனைப் பார்க்க முடியாது. கூடை அவள் தலையில், உங்கள் கண்ணுக்கு மேலே இருக்கும். நீங்கள் ஒரு கை கொடுத்து இறக்கினால்தான் பார்க்கலாம். இறக்கியவர் ஒரு பிடி நெத்திலியாவது வாங்காமல் அனுப்பக் கூடாது என்பது எழுதாத சட்டம். அதற்குப் பயந்து சில பேர் கதவுக்குப் பின்னாலேயே நின்று என்ன மீன், என்ன விலை என்று விசாரிப்பார்கள், கையை மட்டும் கொடுக்க மாட்டார்கள். அவர்கள்மேல் எனக்கு இன்னமும் கோபம் உண்டு. சரி, அது கிடக்கட்டும்.

நான் சொல்ல வந்தது ஒரு டிராக்டரைப் பற்றி. மீன்காரக் குடும்பத்துக்கு டிராக்டர் எதற்கு என்று கேட்பீர்கள். அன்றைக்கு எங்கள் குப்பம் முழுக்க அதைத்தான் கேட்டது.

அடையாறு கடலில் சேருகிற இடத்துக்குக் கொஞ்சம் தெற்கே எங்கள் குப்பம். அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா அங்கேயே பிறந்தும் கடலுக்குப் போகாதவர். கட்டுமரம் அலையைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவார். வாலிபத்தில் மூன்று முறை முயன்று, மூன்று முறையும் மற்றவர்கள் அவரைக் கரையில் இறக்கிவிட்டுப் போனார்களாம். அதன்பிறகு ஆற்றங்கரையில் ஒரு பங்களாக்காரரின் தென்னந்தோப்பில் வேலைக்குச் சேர்ந்தார். தோப்புக்குப் பின்னால் கொஞ்சம் நெல்வயலும் இருந்தது. அந்த வயலுக்கென்று வாங்கிய டிராக்டரை நைனாதான் ஓட்டினார். வயலைக் கைவிட்ட பிறகு டிராக்டர் ஒரு விளாமரத்தடியில் நின்றது. நைனா தோப்புக்குக் காவல்காரர் ஆனார்.

அம்மாவின் அண்ணன், என் மாமா, துறைமுகத்துச் சரக்குப் படகுகளில் பலகை இடுக்குகளை அடைக்கிற வேலை செய்தார். வாய் சும்மா இருக்காது. "இன்னா மச்சான், டிராக்டர்ல போனா வாந்தி வர்லியா?" என்பார், நாலு பேர் இருக்கிற இடமாகப் பார்த்து. நைனா சிரிப்பார். சிரித்துக்கொண்டே பீடியைத் தேடுவார். அப்போது எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

நான் ஆறாம் வகுப்பில் இருந்த வருஷம், பொங்கல் முடிந்து மாசி பிறந்ததும் அம்மாவுக்கு இடது கை மரத்துப்போகத் தொடங்கியது. முதலில் குழம்புக் கரண்டி நழுவியது. பிறகு ஒரு நாள் அடுப்பங்கரியைக் கையால் ஒதுக்கிவிட்டு, தோல் கருகிய வாடை வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். அத்தைதான் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அத்தை என்றால் நைனாவின் அக்கா, பக்கத்துக் குடிசை, தினமும் அம்மாவோடு கூடை தூக்கிக்கொண்டு மயிலாப்பூருக்கு நடக்கிறவள். கழுத்தெலும்பு தேய்ந்து நரம்பை நசுக்குகிறது, இனிமேல் தலையில் ஒரு படி அரிசிகூட ஏற்றக் கூடாது, ஏற்றினால் கையை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னாராம்.

அன்று சாயங்காலம் அத்தை எங்கள் வாசலில் உட்கார்ந்து என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தாள்.

"பொண்ணுக்குப் பதினொண்ணு ஆவுது. கூடைய இவ தலைல ஏத்திடு. நானு கூட்டிகினு போறேன். ஒரு மாசத்துல பழகிடும்."

"அவ படிக்கிறா" என்றார் நைனா.

"படிச்சிட்டு கலெக்டராவப் போறாளா? சோறு வேணாமா?"

"அவ ஸ்கூலுக்குப் போவா. கூடைய யாரு தலைலயும் ஏத்தாம நானு கொண்டுபோறேன், பாரு."

எப்படி என்று கேட்டாள் அத்தை. பஸ்ஸில் மீன் கூடையை ஏற்ற மாட்டார்கள். கண்டக்டர் எட்ட வரும்போதே மூக்கைப் பிடித்துக்கொண்டு விசில் கொடுத்துவிடுவார். ரிக்‌ஷாவில் போனால் விற்ற காசு ரிக்‌ஷாவுக்கே சரியாகிவிடும். குப்பத்துப் பெண்கள் இருபது பேரும் அடையாறு பாலத்தைத் தாண்டி நடந்துதான் போனார்கள், வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று ஓட்டமும் நடையுமாக.

இந்த நேரத்தில்தான் பங்களாக்காரர் தோப்பை மனை போட்டு விற்க முடிவு செய்தார். நைனாவைக் கூப்பிட்டு, பங்குனி பிறக்கும்போது ஆள் வரும், அதற்குள் விளாமரத்தடி டிராக்டரையும் அதன் பின்வண்டியையும் கிளப்பிக்கொண்டு போனால் நீயே வைத்துக்கொள், இல்லாவிட்டால் பழைய இரும்புக்காரனுக்குப் போய்விடும் என்றார். இத்தனை வருஷத்தில் அவர் நைனாவுக்குக் கொடுத்த ஒரே பரிசு அது. வேலையைப் பிடுங்கிக்கொண்டு கொடுத்தார்.

நைனா அன்றைக்கு வீட்டுக்கு ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அப்போது மட்டும்தான். "இருபது கூடையும் ஒரே வண்டில. நீ மடில கைய வச்சிகினு சும்மா குந்திகினு வர்லாம்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா மரத்த கையை வலது கையால் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "ஓடுமா அது?" என்றாள். "ஓடும்" என்றார்.

மந்தைவெளியில் லாரிப் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் ஒருவர் நைனாவுக்குப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை வந்து இன்ஜினைத் திறந்து பார்த்தார். "இன்ஜினு ராஜா மாதிரி கீது. டேங்குதான் நாறிப்போயி கீது" என்றார். பாதி டீசலோடு இரண்டு மழைக்காலம் நின்ற டேங்க். மூடியைத் திறந்ததும் வந்த நாற்றம் எனக்கு இப்போதும் மூக்கில் இருக்கிறது, அழுகிய முட்டையும் தார் டப்பாவும் கலந்த நாற்றம். உள்ளே இருந்ததைக் கவிழ்த்தபோது கறுப்பாகக் கூழ் மாதிரி விழுந்தது. கூடவே துரு செதில் செதிலாக வந்தது. டேங்கைப் பிடித்திருந்த பட்டைகளின் போல்ட்டுகள் இறுகிப்போயிருந்ததால் அதைக் கழற்றவே இரண்டு நாள் ஆனது. நைனாவின் விரல் முட்டிகளில் தோல் இல்லை.

டேங்கைத் தோளில் தூக்கிக்கொண்டு குப்பத்துக்கு வந்துவிட்டார். துரு எடுக்க மெக்கானிக் சொன்ன வழி, உள்ளே ஜல்லியைப் போட்டுக் குலுக்குவது. எங்களிடம் ஜல்லி ஏது? கிளிஞ்சலும் ஒரு துண்டுச் சங்கிலியும் போட்டோம். கையால் தூக்கிக் குலுக்கினால் பத்து நிமிஷத்தில் இடுப்பு விட்டுப்போகிறது. ஆகவே நைனா கிழிந்த வலையில் டேங்கை வைத்துக் கட்டி, வலை உலர்த்துகிற இரண்டு கம்புகளுக்கு நடுவே தூளி மாதிரி தொங்கவிட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் ஆட்டுவேன். கலகலவென்று கரை முழுவதும் கேட்கும். வலை பின்னுகிற ஆண்கள், "இன்னா, கொழந்த தூங்கிடுச்சா?" என்று கேலி செய்தார்கள். நைனா ஆட்டிக்கொண்டே இருந்தார்.

துரு பாதி போனது. மீதிக்கு அம்மா புளியைச் சொன்னாள். பித்தளைக்குப் போடுகிறோமே, இரும்புக்கு ஆகாதா என்றாள். அத்தை முணுமுணுத்துக்கொண்டே தன் பானையிலிருந்தும் பழைய புளியைக் கொண்டுவந்து கொட்டினாள். அத்தையைப் பற்றி நான் கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், அவள் அப்படித்தான், வாயால் கெடுத்துக் கையால் கொடுப்பாள். புளித்தண்ணீரை ஊற்றி இரண்டு நாள் ஊறவைத்துக் கவிழ்த்தபோது டேங்க்கின் உட்புறம் வெள்ளையாகிவிட்டது. எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கிணற்றுத் தண்ணீரில் கழுவி வெயிலில் வைத்தோம். எங்கள் கிணறு உப்புக் கிணறு. மறுநாள் காலையில் பார்த்தால் உள்ளே காவிப் பொடி தூவினது மாதிரி மறுபடியும் துரு பூத்திருந்தது. நைனா மறுபடி கிளிஞ்சலைப் பொறுக்கப் போனார். இந்தத் தடவை பங்களாக் கிணற்று நல்ல தண்ணீரைக் குடத்தில் சுமந்து வந்து கழுவி, அடுப்புச் சூட்டில் காயவைத்தோம்.

சுத்தமான பிறகுதான் உண்மை தெரிந்தது. டேங்க்கின் வாயில் கண்ணை வைத்து, அடிப்பக்கத்தைச் சூரியனுக்குக் காட்டினால் உள்ளே புள்ளி புள்ளியாக வெளிச்சம். நான் எண்ணினேன், பதினேழு. துருதான் இத்தனை நாள் அந்த ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

மெக்கானிக் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு பற்றவைப்பவரைச் சொன்னார். ஒரு சனிக்கிழமை, நைனாவும் நானும் டேங்கை ரிக்‌ஷாவில் வைத்துக்கொண்டு போனோம். கூவத்தை ஒட்டிய ஒரு சந்து. மனுஷன் ஒருக்களித்து நடக்க வேண்டும், அவ்வளவு இரும்பு இரண்டு பக்கமும். பற்றவைப்பவர் டேங்க்கின் வாயில் மூக்கை வைத்து முகர்ந்தார்.

"டீசல் வாட போவல, அண்ணே. இப்ப நெருப்பு காட்னா டேங்கு வெடிக்கும், நானும் கடையும் மேல போய்டுவோம்."

"ஒரு வாரந்தான் டைம் கீது. எதுனா பண்ணு."

"கொதிக்கிற சோடாத் தண்ணி ஊத்தி நாலு தபா கழுவு. ஒவ்வொரு தபாக்கும் நடுவுல காய வுடு. அப்பால எட்த்துனு வா, பித்தளை வச்சி அடைச்சுத் தரேன்."

நாலு தடவை சோடாத் தண்ணீர். இந்த வயதில் நினைத்துப் பார்த்தால் அது பெரிய வேலையே இல்லை. துணி வெளுக்கிற சோடா நாடார் கடையில் பொட்டலமாகக் கிடைக்கும், அடுப்பு இருந்தது, பானை இருந்தது. ஆனால் நைனா பத்து நாளாகக் கழுவிக் கழுவி ஓய்ந்திருந்தார். திரும்பும்போது டேங்கை மடியில் வைத்து, அதன் ஓட்டைகளை விரலால் தடவிக்கொண்டே வந்தார். இன்னொரு தடவை கழுவு என்று சொன்ன அந்த வாயின்மேல் அவருக்கு வெறுப்பு வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு மாமா வந்திருந்தார். ஓட்டைகளைப் பார்த்தார். வழக்கமான கேலி வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன். அவர் தங்கச்சியின் கையைப் பார்த்தார். அம்மா அப்போது வலது கையால் இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான், இத நானு பாத்துக்கறேன்" என்றார் மாமா. "குங்கிலியம் காச்சி உள்ள ஊத்தினா எந்த ஓட்ட நிக்கும்? கடல் தண்ணியையே நிறுத்திடுது. இந்த டீசல் இன்னா, கடல விடப் பெர்சா?"

நைனாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் முன்னால் தன்னை மட்டம் தட்டிய மனுஷன், முதல் முறையாகக் கேலி இல்லாமல் மச்சான் என்று கூப்பிட்டு, நான் செய்கிறேன் என்கிறார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? மெக்கானிக்கை ஒரு வார்த்தை கேட்கலாமே என்று அம்மா மெதுவாகச் சொன்னாள். "இவரு கைல ஒட்டின படகு எதுனா முழுகிச்சா?" என்றார் நைனா. அதோடு பேச்சு முடிந்தது.

குங்கிலியம் உங்களுக்குத் தெரியும், சாம்பிராணியோடு சேர்த்துத் தூபம் போடுவார்களே அந்தப் பிசின்தான். அதை எண்ணெயில் போட்டுக் காய்ச்சினால் தேன் பதத்துக்கு வரும். படகுப் பலகைகளின் இடுக்கில் அதைப் பூசினால் இறுகி, தண்ணீரை உள்ளே விடாது. மாமா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து காய்ச்சினார். குப்பம் முழுவதும் கோயில் வாசனை. சுடச்சுட டேங்குக்குள் ஊற்றி, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் சாக்கால் பிடித்து இப்படியும் அப்படியும் உருட்டினார்கள். உள்ளே எல்லாப் பக்கமும் படிந்த பிறகு மிச்சத்தைக் கவிழ்த்தார்கள். மாமாவும் நைனாவும் சேர்ந்து ஒரு வேலை செய்து நான் பார்த்தது அதுதான். இரண்டு பேரும் பேசிச் சிரித்துக்கொண்டே செய்தார்கள். முடித்தபோது முழங்கை வரை பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. அது சோப்புக்குப் போகாது. அம்மா விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய் பாட்டிலை எடுத்துவந்து நான்தான் இருவர் கையிலும் ஊற்றினேன். இரண்டு தேய்ப்பில் சுத்தமாகக் கரைந்து போனது. கடற்கரையில் எல்லோரும் அப்படித்தான் கழுவுவார்கள், புதிதாக ஒன்றும் இல்லை.

டேங்கைச் சோதிக்க வேண்டுமே. நான்கு கல் வைத்து அதன்மேல் டேங்கை ஏற்றி, வாய் வரை தண்ணீர் ஊற்றினார்கள். கீழே காய்ந்த மணலைச் சலித்துப் பரப்பி, பலகையால் மட்டமாக இழுத்தார் மாமா. ஒரு சொட்டு விழுந்தாலும் மணலில் குழி தெரியும். புதுப் படகுக்கும் அவர்கள் தண்ணீரை உள்ளே ஊற்றித்தான் பார்ப்பார்களாம். மூன்று நாள் காவல். நாய் மிதிக்காமல் இருக்க நானும் உட்கார்ந்தேன், மடியில் கணக்குப் புத்தகத்தோடு. முழுப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்று நாளும் மணல் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் அத்தை வந்து குனிந்து பார்த்துவிட்டு, "அட" என்றாள். அவள் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டை யாரும் எதிர்பார்க்க முடியாது.

பங்குனி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது டேங்கை மாட்டினார்கள். மெக்கானிக் ஊருக்குப் போயிருந்தார். நைனாவே கொஞ்சம் டீசல் ஊற்றி, குழாயில் அடைத்திருந்த காற்றை எடுத்துவிட்டு, முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றினார். ஏழெட்டுச் சுற்றுக்குப் பிறகு கறுப்பாக ஒரு புகையைத் துப்பிக்கொண்டு பிடித்துக்கொண்டது. அந்த இரும்பு சீட்டில், சல்லடை மாதிரி ஓட்டை போட்ட சீட் அது, நைனா ஏறி உட்கார்ந்தார். தோப்பிலிருந்து குப்பம் வரை பத்து நிமிஷம் ஓட்டிவந்தார். பின்வண்டியில் நாங்கள் பத்துப் பதினைந்து பிள்ளைகள். அன்றைக்கு யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. ஒருவர் சோடா வாங்கிக் கொடுத்தார். இரவே டேங்க் நிறைய டீசல் ஊற்றி வைத்துவிட்டார், விடிந்ததும் கிளம்ப வேண்டுமே என்று.

காலையில் ஏலம் முடிந்ததும் இருபது கூடைகளும் பின்வண்டியில் ஏறின. அம்மா நல்ல புடவை கட்டியிருந்தாள். கூடையை மடிமேல் வைத்துக்கொண்டு, வலது கையால் அணைத்தபடி உட்கார்ந்தாள். நானும் ஏறிக்கொண்டேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளிக்கூடத்து வாசலில் என்னை இறக்கிவிடுவதாக நைனா சொல்லியிருந்தார். டிராக்டரில் போய் இறங்குவதை மற்றப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் தலைக்கு இரண்டு தடவை எண்ணெய் வைத்திருந்தேன்.

பாலம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் புகையில் ஒரு வாசனை வந்தது. டீசல் வாடை இல்லை, தூபம் மாதிரி. பெண்கள் சிரித்தார்கள். "சாமி வண்டி மாதிரி கீது, கன்னத்துல போட்டுக்கோங்கடி" என்றாள் ஒருத்தி. சிலர் விளையாட்டாகப் போட்டுக்கொண்டார்கள். அம்மாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் நன்றாகப் பார்த்தேன்.

பாலத்தின் நடுவில் வண்டி விக்கியது. இரண்டு தடவை இழுத்துவிட்டு நின்றுவிட்டது. நைனா இறங்கிக் கைப்பிடியைச் சுற்றினார். சுற்றச் சுற்ற ஒன்றும் இல்லை. பின்னால் பஸ்ஸும் லாரியும் ஹாரன் அடித்தன. டேங்க்கின் அடியிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. சொட்டாக விழவில்லை, பாகு மாதிரி நூல் இழுத்துக்கொண்டு விழுந்தது. நைனா அதை விரலில் தொட்டார், முகர்ந்தார். தொட்ட விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி கைப்பிடியைச் சுற்றப் போனார்.

வெயில் ஏறியது. மீன் நிற்காது. அத்தைதான் முதலில் இறங்கினாள். தன் கூடையை இறக்கி, இன்னொருத்தியின் கை உதவியால் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். அவள் பின்னால் ஒவ்வொருத்தியாக. கடைசியில் பின்வண்டியில் அம்மாவும் நானும் மட்டும் மிஞ்சினோம். அம்மா நைனாவின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை என்று நான் இப்போது நினைக்கிறேன். கடைசியாகப் போன பெண்ணை அம்மா கூப்பிட்டு நிறுத்தி, கூடையைத் தலையில் ஏற்றச் சொன்னாள். "வேணாம்மா" என்றேன். "மீனு கெட்டுப்பூடும்டி. இன்னிக்கி ஒரு நாளுதானே" என்றாள். வலது கையால் மட்டும் கூடையைப் பிடித்துக்கொண்டு பாலத்தில் இறங்கிப் போனாள்.

மந்தைவெளியில் ஒரு தெருமுனையில் விழுந்திருக்கிறாள். கல் தடுக்கவில்லை, யாரும் இடிக்கவில்லை. கால் நின்றுவிட்டது என்று அத்தை சொன்னாள். அன்று மதியம் ரிக்‌ஷாவில் கொண்டுவந்தபோது இடது கை தோளிலிருந்து தொங்கியது. அந்தக் கை அதற்கப்புறம் அசையவே இல்லை. வலது கையிலும் மெல்ல மெல்ல பிடி குறைந்தது.

இரண்டு நாள் கழித்து மெக்கானிக் வந்தார். பாலத்து ஓரத்தில் ஒதுக்கி நிறுத்தியிருந்த வண்டியின் ஃபில்டரைத் திறந்தார். உள்ளே வெல்லப்பாகு உறைந்த மாதிரி இருந்தது. டீசல் போகிற குழாய் முழுக்க அதே. இன்ஜினுக்குள்ளும் போய்விட்டது, பம்ப்பு போச்சு என்றார். மாமாவும் நைனாவும் பக்கத்தில் நின்றார்கள்.

"டேங்குல இன்னா பூசினீங்க?"

மாமா சொன்னார். தண்ணீர் ஊற்றி மூன்று நாள் பார்த்ததையும் சொன்னார்.

"தண்ணில கரையாது, செரி" என்றார் மெக்கானிக். "கைல ஒட்டின குங்கிலியத்த எதுல கழுவுவீங்க?"

மாமா தன் உள்ளங்கையைப் பார்த்தார். மண்ணெண்ணெய் என்று எனக்குத் தெரியும், என் கையால்தானே ஊற்றினேன். "மண்ணெண்ணெயும் டீசலும் ஒரே சாதிதான்" என்று அவரே சொல்லிவிட்டு ஸ்பானரைப் பெட்டியில் போட்டார். அவர் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நம்ப மாட்டீர்கள், குப்பத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் அது தெரியும். பிறந்ததிலிருந்து அப்படித்தான் கை கழுவினோம். ஆனால் கை கழுவுவது ஒரு விஷயம், டேங்க் ஒரு விஷயம் என்று இருந்துவிட்டோம். மாமாவை நான் பல வருஷம் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் பாவம், தங்கச்சிக்காகத்தான் செய்தார். அன்றிலிருந்து நைனாவை அவர் கேலி செய்ததே இல்லை. எங்கள் வீட்டுப் பக்கம் வருவதையே குறைத்துக்கொண்டார். எனக்குத் தெரிந்து நைனா இழந்ததில் அதுவும் ஒன்று. கேலி செய்தாலும் பேசிக்கொண்டிருந்த மனுஷன்.

பழைய இரும்புக்காரன் பாலத்திலிருந்தே டிராக்டரை இழுத்துப் போனான். தோப்பில் மரம் வெட்டத் தொடங்கியிருந்தார்கள். நைனாவுக்கு வேலை இல்லை. அவர் கடலுக்குப் போகிறேன் என்று கிளம்பினார். இரண்டு நாள் போனார். மூன்றாம் நாள் கட்டுமரக்காரர்களே வீட்டுக்கு வந்து, வேண்டாம் அண்ணே என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதற்கு அடுத்த வாரம் நைனா என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். எங்கள் வகுப்பு சிஸ்டரிடம் பேர் எடுத்துவிடச் சொன்னார். சிஸ்டர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"பரீட்சைக்கு எட்டு நாள்தான் இருக்கு. எழுதிட்டுப் போகட்டுமே" என்றார். "நல்லாப் படிக்கிற பொண்ணு."

"தெரியும் சிஸ்டர்" என்றார் நைனா. "வீட்ல எட்டு நாளு தாங்காது."

அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். போட்டார். திரும்பி வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார், நான் சின்னப் பிள்ளை மாதிரி. அடையாறு கடைத்தெருவில் ஒரு கடை முன்னால் நின்று, "எதுனா வாங்கித் தரவா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அதைச் சொன்னதும் அவருக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது என்று தெரிந்தது. அதனால் ஒரு கடலை மிட்டாய் கேட்டேன். வாங்கிக் கொடுத்தார். வீடு வரும்வரை அதைக் கையிலேயே வைத்திருந்தேன்.

மறுநாள் காலை கரையில் ஏலம் முடிந்து கூடையில் சங்கராவும் நெத்திலியும் நிரப்பினார்கள். அம்மா குடிசைக்குள் இருந்தாள், வெளியே வரவில்லை. எங்கள் குப்பத்தில் பெண்ணின் தலையில் கூடையை இன்னொரு பெண்தான் ஏற்றிவிடுவாள், ஆண் ஏற்றுகிற வழக்கம் இல்லை. அத்தை கை நீட்டினாள். நைனா அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தன் தோளில் இருந்த துண்டைச் சுருட்டி என் தலையில் வைத்தார். சரியாகச் சுருட்டத் தெரியவில்லை, இரண்டு தடவை அவிழ்ந்தது. பிறகு கூடையைத் தூக்கி வைத்தார். வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை. பாரம் முழுவதும் என்மேல் இறங்காதபடி கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார். அத்தை, "வுடுப்பா, நேரமாவுது" என்றதும்தான் விட்டார்.

"கழுத்த நேரா வச்சிக்க" என்றார். "வலிக்குதாம்மா?"

"இல்ல நைனா" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. பதினோரு வயதில் கழுத்து வலிப்பதில்லை.